ஆதிநாதர் ஏற்ற கரும்பு

திருக்கோவிலூர் வட்டத்தில், தென்பெண்ணையாறு பாயும் பகுதியில் ஜம்பை என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றின் குகையொன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த ஒற்றை வரிக் கல்வெட்டினைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 1981ஆம் ஆண்டு கண்டறிந்தனர். சத்தியபுதோ அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாழி இது என்பது அவ்வரியின் பொருள். துறவியர் உறைவதற்கு அளிக்கப்பட்ட இடமே பாழி எனப்பட்டது. அசோகரின் கல்வெட்டுகள் சோழ, பாண்டியரோடு சேர்த்துக் கூறும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுங்கால வினாவிற்கு இவ்வரி விடை தந்தமையால், வரலாற்றறிஞர் இதனைப் பெரிதும் கொண்டாடினர்.

ஜைனக் குடும்பங்கள் இக்கல்வெட்டில் காணத்தக்க பிறிதொரு செய்தியும் உண்டு. பாழி ஈந்த இந்த அஞ்சியை ஔவையார் புறநானூற்றில் பாடுமிடத்து, அவனுடைய முன்னோர் செய்த அரிய செயல்களுள் ஒன்றாகக் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்ததைக் குறிக்கின்றார். அதே பாடல் அம்முன்னோர் வேள்வி செய்து தேவரைப் போற்றியதையும் கூறுகின்றது. வேள்வி செய்த குடியில் வந்தவன் சமணத் துறவியர்க்குக் கல்லில் இருக்கை அமைத்துக் கொடுத்தான் என்பது அக்காலத் தமிழ் மன்னரின் பரந்த உள்ளத்தைக் காட்டும். விண்ணுலகிலிருந்தே கரும்பு கொணரப்பட்டதாகப் பழைய உரை கூறும். ஒரு பயிரின் வருகையை ஒரு குடியின் பெரும்புகழாகக் கருதிய காலம் அது.

அக்குடியின் தொடர்பு ஜம்பையோடு முடிந்துவிடவில்லை. போளூரை அடுத்த திருமலையில், எழினி என்னும் அரசன் செய்தளித்த யக்ஷ யக்ஷியர் திருவுருவங்கள் காலத்தால் பழுதுற்றன. அவற்றைப் பிற்காலத்தில் தகடூர்த் தலைவனாகிய விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்து எழுந்தருளச் செய்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. அவன் ஒரு மணியையும் கொடுத்து, ஒரு நீர்க்காலையும் வெட்டுவித்தான். திருமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் நேமிநாதரின் பேருருவைக் கண்டு வணங்கித் திரும்பிவிடுகின்றனர். நீர்க்கால் வெட்டிய செய்தியை நினைப்பவர் சிலரே. கோயிலுக்குத் திருவுருவமும் வயலுக்கு நீரும் ஒரே அறத்தின் இரு பகுதிகள் என்று அவன் கருதியிருக்க வேண்டும்.

கரும்பிற்கும் ஜைனத்திற்கும் உள்ள உறவு இம்மன்னர்களைக் கடந்து, ஆதிநாத பகவானின் சரிதத்திலேயே தொடங்குகின்றது. போகபூமி மறைந்து கற்பக மரங்கள் பயன் தருவதை நிறுத்தியபோது, பசியால் கலங்கிய மக்கள் நாபிராஜனிடம் முறையிட்டனர். எந்தச் செடி உண்ணத்தக்கது, எது விலக்கத்தக்கது என்று அவர் காட்டிக் கொடுத்தார். கரும்பைப் பல்லால் கடித்தோ பொறியில் இட்டுப் பிழிந்தோ சாறு பருகலாம் என்று அவர் கற்பித்ததை ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறுகின்றது. கரும்பின் சாற்றைத் திரட்டும் முறையை மக்களுக்கு உணர்த்தியமையால் ரிஷபதேவருக்கு இக்ஷ்வாகு என்னும் பெயர் அமைந்ததாகவும் அந்நூல் உரைக்கும்; இக்ஷு என்பது கரும்பு. பின்னர் அவர் வகுத்தளித்த அசி, மசி, கிருஷி, வித்யா, வாணிஜ்யம், சில்பம் என்னும் ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. இன்றும் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் தமிழ் ஜைனர்களுள் பெரும்பாலோர் உழவுக்குடியினர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பகவான் துறவு பூண்டு ஆறு திங்கள் உபவாசம் இருந்தார். அதன்பின் ஆகாரத்திற்கென ஊர் ஊராகச் சென்றபோது, அவருக்கு ஒரு பிடி உணவு அளிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. மணிகளைக் கொடுத்தனர், யானை குதிரைகளைக் கொடுத்தனர், கன்னியரைக் கொடுக்க முன்வந்தனர். கொடுக்கும் மனம் இருந்தது; கொடுக்கும் முறைதான் தெரியவில்லை. ஓராண்டிற்கு மேல் இவ்வாறு கழிந்தபின் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரனுக்கு, முற்பிறவியில் முனிவர்க்கு ஆகாரம் அளித்த நினைவு எழுந்தது. பிழிந்து வைத்திருந்த தூய கரும்புச் சாற்றை அவன் பகவானின் இரு கைகளிலும் வார்த்தான். வைகாச மாதத்து வளர்பிறைத் திருதியையாகிய அந்நாளே அட்சய திருதியை. பொன் வாங்கும் நாளாக அது கடைவீதிகளில் ஆகிவிட்டது அண்மைக்கால வழக்கம்; உண்மையில் அது தானம் பிறந்த நாள். பரத சக்கரவர்த்தியே வந்து சிரேயாம்சனைப் போற்றியதாகப் புராணம் கூறும்.

இல்லறத்தாரின் மூலகுணங்களில் கள்ளும் ஊனும் விலக்கப்படுவது போலவே தேனும் விலக்கப்படுகின்றது. எண்ணற்ற உயிர்களின் கூட்டைச் சிதைத்துப் பெறும் இனிப்பு அது. தேனை விலக்கிய சமுதாயத்திற்கு இனிப்பின் வாயிலாக நின்றது கரும்பே. அலெக்சாந்தரின் படைத்தலைவருள் ஒருவரான நியார்க்கஸ், இந்தியாவில் தேனீயின்றியே தேன் தரும் நாணல் வளர்வதாக வியந்து எழுதினார். அயலவருக்கு அது வியப்பு. நம் அடுக்களைகளுக்கோ அது நாள்தோறும் கைக்கொள்ளும் அறம். பொங்கலும் பாயசமும் வெல்லத்தால் இனிப்பதன் பின்னே இவ்வரலாறு இருக்கின்றது.

நம் ஆசிரியர்கள் கரும்பைப் போற்றியதோடு நில்லாமல் அதனை ஆராய்ந்தும் பார்த்தனர். செடிகொடிகளை அவை முளைக்கும் இடங்கொண்டு மூலாசாரமும் நேமிசந்திரரின் கோம்மடசாரமும் பகுக்கின்றன. வேரில் முளைப்பது மூலபீஜம். கிழங்கில் முளைப்பது கந்தபீஜம். விதையில் முளைப்பது பீஜருகம். கணுவில் முளைப்பது பர்வபீஜம். அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது கரும்பு. பருவுள்ள கணுக்கள் அமையுமாறு கரணை வெட்டி நடும் உழவனுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். எந்த உறுப்பில் உயிர் துளிர்க்கும் என்று அறிந்தால்தான் எங்கே ஊறு செய்யாதிருப்பது என்று அறிய முடியும். அகிம்சையே இத்தாவர நூலறிவின் தாய். உழவில் நேரும் இம்சையைத் தொழில்வழி நேரும் இம்சை என்று தனியே வகுத்து, அதனையும் இயன்றவரை குறைக்கச் சொன்னதும் இந்த அறிவேயாகும். கரும்பு வெட்டியபின் சோகைக்குத் தீயிடும் வழக்கம் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. பரப்பி மூடாக்காக விட்டால் மண்ணின் ஈரமும் காக்கப்படும். அதில் ஒதுங்கிய சிற்றுயிர்களும் பிழைக்கும்.

இத்தகைய பயிர் கடல் கடந்தபின் அடைந்த கதி கொடியது. சர்க்கரை காய்ச்சும் முறையை அறிந்துவரச் சீனப் பேரரசர் தைசோங் 647ஆம் ஆண்டளவில் மகதத்திற்கு ஆட்களை அனுப்பினார். அராபியர் வழியே கரும்பு மேற்கே சென்றது. பின்னர் ஐரோப்பியர் அதனை அமெரிக்கத் தீவுகளில் பயிரிட்டனர். அட்லாண்டிக் கடலைக் கடக்க அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்கே கொண்டு செல்லப்பட்டனர். தேனீயைக் காத்த இனிப்பு மனிதனை விழுங்கலாயிற்று.

இதைக் கண்டு நெஞ்சு பொறாத ஆங்கிலேயர் சிலர் 1791இல் செய்த செயல் ஜைனர்க்கு நன்கு விளங்கும். வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய சிறு நூலைப் படித்த பல்லாயிரம் குடும்பத்தினர், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை உண்பதில்லை என்று உறுதி பூண்டனர். பொருளில் தீங்கில்லை, அது வந்த வழியில் தீங்குண்டு என்று கண்டு உணவைத் துறந்தனர். விரதம் என்ற சொல்லை அவர்கள் அறியார். ஆயினும் செய்தது விரதமே.

1834இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளின் இடத்தை நிரப்ப இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மொரிசியசுக்கும் பிற தீவுகளுக்கும் ஏற்றப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற தமிழருள் வட ஆர்க்காடு மாவட்டத்தவர் கணிசமானோர். திருமலையும் பொன்னூரும் இருந்த மாவட்டம் அது. அந்த நேட்டாலில் 1894இல், முதலாளியால் அடியுண்டு பல்லுடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலி, இளம் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளிடம் வந்து நின்றார். அதே ஆண்டில் காந்தியடிகள் தம் சமய ஐயங்களை எழுதிக் கேட்டு விடை பெற்றது பம்பாயில் இருந்த ஜைனப் பெரியார் ராஜ்சந்திரரிடம். ஒருபுறம் கரும்புக் குடியேற்ற நாட்டின் இம்சை. மறுபுறம் அகிம்சையின் விளக்கம். இரண்டும் ஒரே ஆண்டில் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.

தாய்நாட்டிலோ கரும்பு நலிந்திருந்தது. வட இந்தியக் கரும்பு மெலிந்தது. வெப்பநாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள குளிரைத் தாங்காது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும், வெள்ளை என்னும் தடித்த கரும்பைக் கோவை வட்டாரத்து நாணலோடு கலந்தனர். எவரும் பொருட்படுத்தாத அக்காட்டு நாணல் தாங்கும் வலிமையைத் தந்தது. வெள்ளைக் கரும்பு இனிமையைத் தந்தது. 1918இல் வெளிவந்த அக்கலப்பு ரகமே கோ 205. அதன்பின் வந்த கோ ரகங்கள் வடநாட்டுச் சமவெளி முழுதும் பரவின.

சிரேயாம்ச குமாரனின் அஸ்தினாபுரம் இன்றைய மீரட் மாவட்டத்தில் உள்ளது. அதனைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தொலைவு கரும்பே நிற்கின்றது. ஆண்டுதோறும் அட்சய திருதியையன்று, ஓராண்டுத் தவம் முடித்தோர் அங்கே வந்து கூடுகின்றனர். அவர்கள் பாரணைக்காக ஏற்கும் சாற்றைத் தரும் அவ்வட்டாரத்துக் கரும்பின் மரபில், கோவை நாணலின் கூறும் கலந்திருக்கின்றது.