லாமார்க் புகாட்டி வழக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், 2009 நவம்பர் 11 அன்று புகாட்டி வெய்ரான் கார் ஒன்று உப்பங்கழிக்குள் பாய்ந்ததிலிருந்து எழுந்த காப்பீட்டு மோசடி வழக்கு இது. ஹூஸ்டனையும் கால்வெஸ்டனையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி, லாமார்க் நகருக்கு அருகே சம்பவம் நடந்தது.

காரை ஓட்டியவர் லஃப்கின் ஊரைச் சேர்ந்த கார் வியாபாரி. தாழப் பறந்து வந்த கூழைக்கடாவைக் கண்டு திடுக்கிட்டதில் செல்பேசி கைநழுவியது, அந்தத் தடுமாற்றத்தில் வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டது என்றார். கூழைக்கடாக்கள் திரியும் கடலோரம் அது. எளிதில் நம்பத்தக்க விளக்கம்தான்.

ஆனால் வெய்ரான் கண்ணில் படுவதே அரிது. 2005 முதல் 2015 வரை பிரான்சின் மோல்சைம் ஆலையில் உருவானவை மொத்தம் 450 மட்டுமே. அதனால்தான் பக்கத்தில் சென்ற காரில் இருந்த ஒருவர் அதை ஆசையாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் பறவை எதுவும் இல்லை. கார் சாலையிலிருந்து விலகியபோதும் பிரேக் விளக்குகள் எரியவில்லை. யாரையும் சிக்கவைக்க எடுக்கப்படாத அந்தப் படமே வழக்கின் திருப்புமுனையானது.

நோக்கம் கணக்கில் இருந்தது. நண்பரிடம் வட்டியில்லாக் கடன் பெற்றுச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய காருக்கு, 22 லட்சம் டாலருக்குப் பாலிசி எடுக்கப்பட்டிருந்தது. வாங்கிய விலைக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், ஓடும் வண்டியைவிட ஒழிந்த வண்டிக்கே மதிப்பு அதிகம். இத்தகைய மோசடிகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

தண்ணீரில் நின்ற காரின் எஞ்சினைச் சுமார் 15 நிமிடம் அணைக்காமல் விட்டிருந்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் முட்டி நின்று, இணைப்புத் தண்டு வளையும். உப்புநீரானால் மின்கம்பிகளும் அரிக்கப்படும். 16 சிலிண்டரும் 4 டர்போவும் கொண்ட வெய்ரானில், அதன்பின் மிஞ்சுவது செலவு மட்டுமே.

காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றம் சென்றது. பின்னர் கூட்டரசுக் குற்றவியல் வழக்கில், தொலைத்தொடர்பு வழியாக மோசடி செய்ததை அவர் ஒப்புக்கொண்டார். 2015-இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனையும், 6 லட்சம் டாலர் ஈட்டுத்தொகையும் விதிக்கப்பட்டன. அந்த ஒற்றை நாளுக்குப் பொருளுண்டு: ஓராண்டைத் தாண்டிய தண்டனைக்கே அமெரிக்கக் கூட்டரசுச் சிறைகளில் நன்னடத்தைக் கழிவு கிடைக்கும்.

கேமராக்கள் பரவலாகாத காலத்தில் இத்தகைய வழக்குகளில் உண்மை வெளிவர ஆண்டுகள் பிடித்தன. 1974-இல் திருடுபோனதாகப் புகார் செய்யப்பட்ட ஃபெராரி டினோ ஒன்று, 1978-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டு முற்றத்தில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது. இழப்பீடோ எப்போதோ வழங்கப்பட்டிருந்தது.

2024-இல் கலிஃபோர்னியாவில் மோசடிக்காரர்களே படம்பிடித்துக் கொடுத்தார்கள். ஏரோஹெட் ஏரிப் பகுதியில் நின்ற ரோல்ஸ் ராய்ஸுக்குள் கரடி புகுந்து இருக்கைகளைக் கிழித்ததாகச் சொன்ன அந்தக் காட்சியைப் பார்த்த வனவிலங்கு உயிரியலாளர், கரடி வேடமிட்ட மனிதர் என்றார். வீட்டைச் சோதனையிட்டபோது வேட உடையும் கிடைத்தது.