குடும்பப் படமும் அடையாள அட்டையும்

கெடாத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் சாமி படங்களுக்கு அருகே ஒரு பழைய குடும்பப் படம் மாட்டியிருந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தாத்தா நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருப்பார். பாட்டி பட்டுச் சேலையில் நிற்பார். பின்னால் திரையில் வரைந்த மாளிகையும் பூந்தோட்டமும் தெரியும். பால்வாளி எங்கும் தெரியாது. சுங்கைப்பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய், படக்கடையில் காசு கொடுத்து எடுத்த படம் அது. ஒரு பிரதி ஊருக்கும் போகும். 'நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம்' என்று உறவினருக்கு அது சொல்ல வேண்டும் அல்லவா?

அதே மனிதர்களுக்கு வேறொரு படமும் உண்டு. 1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 12 வயது நிறைந்த எவரும், படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி உடனே வந்தது. படக்கடையில் கூடி நின்ற குடும்பம் இங்கே தனித்தனி முகமாயிற்று. 1957-இல் சுதந்திரம் வந்த பின் அட்டையின் நிறம் பெரிதாயிற்று. குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. மனுப் போடாமலே இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர் ஏராளம். பிறகு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஒரே படத்தில் தோளோடு தோள் நின்றவர்களை அட்டையின் நிறம் பிரித்தது.

யார் இந்நாட்டவர் என்ற இக்கேள்வியை ஓவியர் ஒருவரும் எடுத்துக்கொண்டார். அவர் 1939-இல் குவாந்தானில் பிறந்த ரெட்சா பியாடாசா, சிங்கள வம்சாவளியினர். 2007-இல் மறைந்தார். 1980-களில் அவர் 'மலேசிய வரிசை' என்னும் படைப்புகளைத் தொடங்கினார். பழைய படக்கடைப் படங்களைப் பெரிதாக்கி, திரை அச்சில் பதித்து, வண்ணமும் ஒட்டுவேலையும் சேர்த்தார். மலாய்க்காரர், சீனர், பாபாக்கள், இந்தியர் என்று சாதாரணக் குடும்பங்களே அவற்றில் இருந்தன. தலைவர்களைத் தேடி அவர் போகவில்லை. நம் பாட்டிமாரைப் போன்றவர்களை நிறுத்தி, 'இதுவே மலேசியா' என்றார். நமக்கு ஒரு குறை மட்டும் உண்டு. 'பாபா குடும்பம்', 'இரண்டு மலாய்ப் பெண்கள்' என்ற தலைப்புகளில் இனம் இருக்கிறது. ஆளின் பெயர் இல்லை.

கெடாவில் பிறந்த அகமட் ஃபுவாட் ஒஸ்மான் 2007-இல் வேறு வழி கண்டார். புகழ்பெற்ற சரித்திரப் படங்களுக்குள் இக்கால உடையணிந்த ஒருவரைக் கணினியின் உதவியால் நுழைத்தார். வேடிக்கைதான். ஆயினும் சாதாரண மனிதன் நாட்டின் படத்துக்குள் நுழைய ஒரு தந்திரம் வேண்டியிருக்கிறதே என்று நமக்குத் தோன்றுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபோது காணாமற்போன படங்கள் எத்தனையோ! உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மூத்தவர்களைக் கேளுங்கள். நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு? வந்த கப்பல் எது? 1973 வரை ஓடிய ரஜூலாவாக இருக்கலாம். சொல்வதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். மைப்பேனா வேண்டாம், மை ஊறி முகத்தில் படும்.