எறிந்த டின்னும் எரிசாராயமும்

அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை மலைமுகடுகளின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது அப்பலாச்சியன் பாதை. அதை முழுவதும் நடந்து கடப்பவர்கள் முதுகுச்சுமையை கிராம் கணக்கில் எண்ணுபவர்கள். எடை குறைத்து நடக்கும் முறையை 1992இல் ரே ஜார்டின் தம் நடைப்பயணக் கையேட்டில் வலியுறுத்திய பின்னர் இந்தக் கணக்கு ஒரு மரபாகவே மாறியது. குளிர்பான டின்னில் செய்த அடுப்பு பரவியது இச்சூழலில்தான்.

செய்முறை எளியது. இரண்டு டின்களின் அடிப்பாகங்களை வெட்டி, ஒன்றை மற்றொன்றினுள் கவிழ்த்துப் பொருத்த வேண்டும். உள்ளே ஒரு தகட்டு வளையம் இரட்டைச் சுவரை உண்டாக்கும். விளிம்பைச் சுற்றி ஊசித்துளைகள். நடுக்குழியில் ஊற்றிய சாராயம் சுவர்களுக்கிடையே கசிந்து, சூடேறி ஆவியாகி, துளைகளில் நீலச்சுடராக எரியும். எத்தனால் 78 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், 1892இல் சுவீடனில் பிறந்த பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பைப் போலக் காற்றடிக்கத் தேவையில்லை. சுமார் 30 மில்லி சாராயம் அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. சுவீடனின் ட்ராங்கியா நிறுவனம் 1951இல் வெளியிட்ட பயண அடுப்பின் பித்தளை எரிகலனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதன் எடை நூறு கிராமுக்கு மேல். டின் அடுப்போ பதினைந்து கிராம்கூட வராது. காரணம், 1959இல் கூர்ஸ் பீர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த அலுமினிய டின் பின்னாளில் மெலிந்து மெலிந்து 0.1 மில்லிமீட்டர்ச் சுவர் அளவுக்கு வந்தமைதான்.

எரிபொருளின் வரலாறு இவ்வளவு எளியதன்று. சாராயத்தின் மீதான வரி தொப்பி செய்வோரையும் வார்னிஷ் காய்ச்சுவோரையும் நசுக்கியபோது, பிரிட்டன் 1855இல் ஒரு சட்டம் இயற்றியது: பத்தில் ஒரு பங்கு மரச்சாராயம் கலந்து குடிக்கத் தகாததாக்கினால் வரி இல்லை. அமெரிக்கா 1906இல் இதே வழிக்கு வந்தது. அடுப்பெரிக்கும் மலிவான சாராயம், ஆக, வரி அதிகாரியின் படைப்பு. மரச்சாராயம் என்பது பெரும்பாலும் மெத்தனால். உடலில் அது பார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பை அழிக்கும்.

1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயக்காரர்கள் தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடி மறுபடி வடித்தார்கள். அரசோ நஞ்சின் அளவைக் கூட்டியது. குடித்தவர்கள் மாண்டார்கள். நியூயார்க் நகரத் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நோரிஸ் அரசையே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். குடிக்க மாட்டார்கள் என்று நம்பி நஞ்சிடுவது வேறு. குடிப்பார்கள் என்று தெரிந்தே நஞ்சைக் கூட்டுவது வேறு. பின்னதைச் சட்ட அமலாக்கம் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான், அங்கே கலந்தவர்கள் கள்ளச் சாராய வியாபாரிகள் என்றாலும்.

டின் அடுப்பிலும் ஆபத்து உண்டு. அணைக்கும் திருகு இல்லாததால் காட்டுத்தீத் தடைக்காலங்களில் அமெரிக்காவின் மேற்கு மாநிலக் காடுகள் பலவற்றில் இதற்கு அனுமதியில்லை. அந்நாட்டுச் சாரணர் அமைப்பும் கையால் செய்த டின் அடுப்புகளை விலக்கியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று எண்ணிப் புட்டியைச் சாய்ப்பவரின் கைக்கே தீ ஏறிவிடும். அடுப்பின் மேல் காற்று நடுங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முறை ஊற்ற வேண்டும்.