உப்புத் துறவும் உப்பின் அளவும்

தமிழர் விருந்தில் இலை விரித்ததும் அதன் ஓரத்தில் சிறிது உப்பு வைக்கும் வழக்கம் உண்டு. சோறும் கறியும் வருமுன்னரே உப்பு வந்து அமர்ந்துவிடுகிறது. உணவோடு உப்பு எத்துணைப் பிணைந்தது என்பதற்கு இவ்வழக்கமே சான்றாகும். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடெங்கும் கொண்டுசென்று விற்ற உமணரைச் சங்கச் சான்றோர் பலவிடங்களில் பாடியுள்ளனர். தமிழ்ச் சமணர் தம் அறநூலெனப் போற்றும் திருக்குறளிலோ காதலரின் ஊடலுக்கே உப்பு உவமையாகிறது. ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு அமைதல் வேண்டும். சிறிது நீண்டாலும் உப்பு மிகுந்த உணவாகிவிடும் என்பது புலவி அதிகாரத்தில் வரும் கருத்து. உப்பு இன்றியமையாதது, எனினும் அளவுக்கு உட்பட்டது என்னும் இரண்டையும் அவ்வுவமை ஒருங்கே உணர்த்துகிறது.

அத்தகைய உப்பை விரும்பி விட்டுவிடுதலைத் தவத்தின் ஒரு கூறாகவே வகுத்தது சமணம். இன்று மருத்துவர் பலருக்கும் உப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தும் நிலையில், அப்பழைய நெறியையும் இப்புதிய அறிவுரையையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது.

இரசத் துறவு

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புறத்தவங்கள் ஆறனை ஒன்பதாம் அத்தியாயத்தில் உரைக்கிறது. உண்ணாநோன்பு முதலாவது, வயிறு நிறையாமல் குறைத்து உண்ணுதல் இரண்டாவது, நான்காவதாக நிற்பது இரச பரித்தியாகம், அஃதாவது சுவை தரும் பொருள்களைத் துறத்தல். அறுசுவை என்றதும் இனிப்பு, புளிப்பு முதலியன நினைவுக்கு வரும். இங்குக் கருதப்படும் ஆறும் வேறு. வட்டகேரர் இயற்றிய மூலாசாரம் அவற்றைப் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என எண்ணுகிறது. முதல் ஐந்தும் வளத்தின் அடையாளங்கள். எளியவர் மனையில் அரிதாகக் கிடைப்பவை. ஆறாவதாகிய உப்போ கூழ் குடிப்பவர்க்கும் வேண்டுவது. அதனையும் துறவுப் பட்டியலில் சேர்த்தமையால், செல்வர் வறியவர் என்னும் வேறுபாடின்றி எவரும் மேற்கொள்ளத்தக்க தவமாக இஃது அமைந்தது.

இத்துறவின் நோக்கம் யாது? புலன்களின் செருக்கை அடக்குதல், உறக்கத்தை வெல்லுதல், நூலோதுதலுக்கு இடையூறின்மை ஆகியவற்றைப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் பயன்களாகக் காட்டுகிறார். இரத்த அழுத்தம் பற்றி அவர் பேசவில்லை, பேசியிருக்கவும் இயலாது. இன்றைய மருத்துவம் கூறுவன அனைத்தும் நம் நூல்களில் முன்பே உள்ளன என்று பெருமை பேசுவது நூல்களுக்கும் நீதியாகாது, மருத்துவத்துக்கும் நீதியாகாது. வினை நீக்கத்தை நாடி முன்னோர் உப்பை விட்டனர். அவர்தம் குறிக்கோள் அதனினும் உயர்ந்தது.

உணவைத் துறக்கும் உறுதி தமிழ் மண்ணில் கல்லிலும் பதிந்துள்ளது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றத்துப் பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறுகிறது. அது துறவறத்தின் கொடுமுடி. இல்லறத்தார்க்கு அதன் அடிவாரப் படிகளே உரியன. கிழமைக்கு ஒன்றாக ஒரு பொருளை விடும் வழக்கம் திகம்பர இல்லறத்தாரிடையே உண்டு; அதில் ஞாயிறு உப்பில்லா நாள். தசலட்சணப் பெருவிழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவத்தன்று இத்தகைய நோன்புகளை நினைவுகூர்தல் பொருத்தமே.

மருத்துவம் வந்த வழி

மேலைநாட்டு மருத்துவம் உப்பின்பால் கருத்தூன்றியது மிக அண்மையில்தான். 1904இல் பாரிசு நகரில் அம்பார்டு, போசார்டு என்னும் இருவர், உணவில் உப்பைக் குறைத்தால் நோயாளரின் இரத்த அழுத்தம் இறங்குவதைக் கண்டனர். அக்கருத்து நெடுநாள் பரவலாக ஏற்கப்படவில்லை.

பின்னர் செருமனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், டியூக் பல்கலைக்கழகத்தில் 1939 முதல் ஓர் எளிய உணவுமுறையைக் கையாண்டார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவையே அவ்வுணவு, உப்புச் சேர்ப்பதில்லை. சிறுநீரக நோயுற்ற ஒரு பெண்மணியை இரண்டு வாரம் அதனை உண்டு திரும்புமாறு அவர் பணித்தார். அவர்தம் செருமானிய ஒலிப்பைப் பிறழ உணர்ந்த அப்பெண்மணி இரண்டு மாதம் உண்டு திரும்பினார். அவரது இரத்த அழுத்தம் வெகுவாகத் தணிந்திருந்தது. நீண்ட நாள் கடைப்பிடித்தலின் பயனை இத்தவறே வெளிப்படுத்தியது. அவ்வுணவில் சோடியம் மிகக் குறைவாயிருந்ததே அழுத்தம் தணிந்தமைக்கு முதன்மைக் காரணம் என்று பின்வந்த ஆய்வாளர் காட்டினர். ஆயினும் அக்கடுமையான பத்தியத்தை நெடுங்காலம் பொறுத்தவர் சிலரே. 1950களின் இறுதியில் உப்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகள் வந்ததும் பலர் பத்தியத்தைக் கைவிட்டு மாத்திரையைப் பற்றினர்.

எனினும் ஆய்வு நிற்கவில்லை. 32 நாடுகளில் 52 இடங்களில் நிகழ்ந்த இன்டர்சால்ட் ஆய்வு 1988இல் வெளியாயிற்று. உப்பை ஏறத்தாழ அறியாத பிரேசில் காட்டு மக்களாகிய யானோமாமி இனத்தவர்க்கு வயது ஏறினும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. மிகையான சோடியம் உடலில் நீரைத் தேக்கிக் குருதியின் கன அளவைக் கூட்டுவதால் அழுத்தம் உயர்கிறது. வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ணுதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உலக மாந்தர் உண்ணும் சராசரி அளவோ இதனினும் இருமடங்குக்கு மேல்.

நியமமும் யமமும்

மாத்திரையும் பத்தியமும் போராடும் இவ்விடத்தில் சமந்தபத்திரர் துணைவருகிறார். தமிழில் அருங்கலச்செப்பு பின்பற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார் தாம் துய்க்கும் பொருள்களுக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு கூறப்படுகிறது. போகோபபோக பரிமாணம் என்பது அதன் பெயர். பரிமாணம் என்றால் அளவு. அவ்வளவை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். ஒரு நாள், ஒரு திங்கள் எனக் கால எல்லையோடு மேற்கொள்வது நியமம். வாழ்நாள் முழுதும் மேற்கொள்வது யமம்.

ஞாயிற்றுக்கிழமை உப்பை விடுதல் நியமம். அது மனத்தைப் பயிற்றும். ஆனால் ஞாயிறு உப்பை விட்டு, திங்கள் முதல் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் என்று ஈடுகட்டினால் குருதிக் குழாய்களுக்குப் பயனில்லை. மருத்துவர் வேண்டுவது நாள்தோறும் நிற்கும் அளவை. நம் நூன்முறையில் சொன்னால், யமத்தை. நியமத்தில் பழகியவர்க்கு யமம் எளிது. குறைந்த உப்புக்கு நாவு சில வாரங்களில் பழகிவிடுகிறது. அதன்பின் பழைய உணவே கரிப்பாகத் தோன்றும்.

அடுக்களையில்

சமணர் அடுக்களைக்கு இஃது அரிதன்று. வெங்காயமும் பூண்டும் இன்றியே மணமூட்டக் கற்ற அடுக்களை அது. மிளகு, சீரகம், கொத்துமல்லி, கறிவேப்பிலை, பெருங்காயம், புளி, எலுமிச்சை ஆகியன உப்பின் குறையை மறைக்க வல்லன. பச்சை இஞ்சியைக் கிழங்கெனத் தவிர்ப்போர்க்குச் சுக்கு உண்டு. நாள்பட்ட ஊறுகாயை உயிர்க்கொலைக்கு அஞ்சி விலக்கும் பழைய ஒழுக்கத்தை மீட்டாலே உப்பு ஓரளவு குறையும்.

இரண்டு மயக்கங்களை நீக்குதல் நன்று. நோன்புணவில் சேர்க்கும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அழுத்த நோயாளர்க்கு அது மாற்றாகாது. அப்பளக்காரத்திலும் சோடா உப்பிலும் சோடியம் உண்டு. பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ சிறுநீரகம் நலிந்தவர்க்குத் தீங்கு செய்யலாம். அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் உண்ணாநோன்பையும் முழு உப்புத் துறவையும் மருத்துவரைக் கேட்டே மேற்கொள்ளுதல் வேண்டும். உடலை வருத்தி ஒருநாளில் வீழ்வது நோன்பின் கருத்தன்று.

உடன் உண்ணுதல்

உப்பில்லா உணவின் பெருந்துன்பம் சுவையின்மையைக் காட்டிலும் தனிமையே. வீட்டார் அனைவரும் ஒன்றை உண்ண, முதியவர் ஒருவர் மட்டும் வேறொன்றை உண்ணும்போது பத்தியம் தண்டனையாகிறது. காந்தியடிகளின் சத்தியசோதனையில் இதற்கு விடை உண்டு. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றபோது, உப்பையும் பருப்பையும் விடுமாறு அவர் வேண்டினார். நீங்களும் விடமாட்டீர்கள் என்று அம்மையார் மறுமொழி கூறவே, அக்கணமே ஓராண்டுக்கு அவ்விரண்டையும் தாம் விடுவதாகக் காந்தியடிகள் உறுதி பூண்டார். அம்மையாரும் விட்டார், அதன்பின் உடல் தேறினார். சமண அறிஞர் ஸ்ரீமத் ராஜசந்திரரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தவர் அவர். பின்னாளில் 1930இல் ஏழைகளின் உப்புக்காகத் தண்டி வரை நடந்தவரும் அவரே. உப்பு எவர்க்கும் உரியது என்பதையும், அதனைத் தானே விரும்பி விடலாம் என்பதையும் ஒருவரே வாழ்ந்து காட்டினார்.

முனிவர் ஆகாரத்துக்கு எழுந்தருளும்போது, அவர் துறந்த இரசம் யாதென அறிந்து, உப்பின்றியும் அன்போடு அமுது சமைத்தளிப்பது நம் இல்லறத்தார் மரபு. அந்தக் கைப்பக்குவம் வீட்டு முதியவர்க்கும் உரியதாகுக. பொழுது சாயுமுன் குடும்பத்தார் ஒருங்கமர்ந்து உண்ணும் பந்தியில் அனைவர்க்கும் ஒரே அளவு உப்பிட்டுப் பரிமாறினால், மருத்துவர் விதித்த பத்தியம் வீட்டார் அனைவரும் ஏற்ற நோன்பாகிவிடும்.