கழலாத மரையும் கொல்லன் உலையும்

மேல்சித்தாமூருக்குச் செல்வோர் முதலில் காண விரும்புவது மலைநாதர் கோயிற் பாறையில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட சமணப் புடைப்புச் சிற்பங்களை. கல் நின்றுவிட்டது. அதைச் செதுக்கிய உளி எப்போதோ துருவாகி மண்ணோடு கலந்திருக்கும். நம் வரலாற்று நூல்கள் கல்லையும் செம்பையும் பற்றிப் பேசும் அளவுக்கு இரும்பைப் பற்றிப் பேசாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இரும்போடு பழகிய கைகளின் அறிவு மட்டும் அழியாமல் வேறோர் உருவில் தொடர்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் பழைய டீசல் கார்களில் டர்போவைக் கழற்ற வேண்டி வரும்போது அதனைக் காணலாம்.

டர்போ என்பது புகையின் வேகத்தைப் பயன்படுத்தும் கருவி. இயந்திரம் வெளியேற்றும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தும். இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. கருத்து பயனுக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. முதலில் கப்பல்களும் பெரிய டீசல் இயந்திரங்களும் இதனை ஏற்றன. கார்களுக்கு வந்தது 1962-இல், அமெரிக்காவில். அவ்வாண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காரின் கதை சுவையானது. அதன் இயந்திரத்துக்கு நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தைத் தனியே ஊற்றிவர வேண்டும். உரிமையாளர்கள் பலர் அதனை ஊற்ற மறந்தனர். இறுதியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தித் தர முன்வந்தது. கார் டர்போவின் வரலாறு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதைக் கழற்றும் வரலாறும் தொடங்கிவிட்டது!

நம் நாட்டில் டர்போ முதலில் லாரிகளிலும் பேருந்துகளிலும் பரவியது. சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டது. சிறிய கார்களில் அது பரவலானது 2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்த காலத்தையொட்டி. அந்தத் தலைமுறைக் கார்களின் ஆணிகள்தாம் இன்று துருவேறி நிற்கின்றன.

ஏன் இவ்வளவு துரு? டீசல் இயந்திரத்தின் புகை 700 பாகை செல்சியசையும் தாண்டும். ஒவ்வொரு பயணத்திலும் வார்ப்பிரும்பும் ஆணியும் பழுக்கக் காய்ந்து, பின் குளிர்கின்றன. மழைநீரும் சேர்ந்துகொள்கிறது. துரு தான் உண்ட இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பது. ஆகவே மரையின் வரிகளுக்கிடையே அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். அவசரப்பட்டு ஸ்பேனரை முறுக்கினால் மரை கழலாது. ஆணியின் தலைதான் முறியும்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. நட்டின் உள்வரிக்கும் நட்டுக்குமே 'மரை' என்ற பெயர் வழங்குகிறது. புத்தி பேதலித்தவனை 'மரை கழன்றவன்' என்கிறோம். 'மறை' என்று எழுதுவோரும் உளர். வழக்கின் பொருளுக்கு மரையே பொருந்தும் என்பது நம் கருத்து. பட்டறையில் இதற்கு நேர்மாறான துன்பம்: கழலாத மரை.

அனுபவமுள்ளவர் உடனே முறுக்குவதில்லை. முதல்நாளே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைப்பார். மறுநாள் ஆணியின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பிறகு அவிழ்க்கும் திசையில் அல்லாமல், இறுக்கும் திசையில் சற்றே அசைப்பார். துருவின் பிடி விட்டால் மெல்லத் திருப்புவார். இசையாவிடில் கேஸ் வெல்டிங் சுடர். எண்ணெயைத் துடைத்து, டீசல் குழாய்களை விலக்கிய பின்னரே சுடர் வைக்க வேண்டும். நட்டு செந்நிறம் ஆகும்வரை சூடேற்றினால் அது விரியும், பிடி தளரும்.

இதனைக் கண்டபோது நமக்கு நினைவில் எழுந்தது மாட்டு வண்டிச் சக்கரம். ஆரக்கால், குடம், வட்டை யாவும் மரம். சுற்றிலும் இரும்புப் பட்டை. கொல்லர் பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறிதாகவே அடிப்பார். நெருப்பிலிட்டதும் பட்டை விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தைக் கவ்வும். ஒருவர் இறுக்கக் கையாண்ட சூட்டை மற்றவர் அவிழ்க்கக் கையாளுகிறார். வேறுபாடு அவ்வளவே. பட்டறைக்காரரின் சொற்கள் ஆங்கிலம். அறிவு கொல்லன் உலையினது. குறளில் தேரின் அச்சாணியைக் காட்டிப் பாடம் நடத்தும் நாம், அந்த ஆணியை அடித்தவனின் தொழிலறிவைப் பாடமாக்கியதில்லை. எண்ணெய் ஊறும் நேரத்தையும் சூட்டின் நிறத்தையும் எவரும் எழுதிவைக்கவில்லை. முதியவர் ஒருவர் பட்டறையை மூடினால் அவரோடு போய்விடுகிறது.

ஆணி முறிந்தே போனாலும் வழியுண்டு. முறிந்த பகுதி வெளியே தெரிந்தால் அதன்மேல் புதிய நட்டை வைத்து, துளையினுள் வெல்டிங் செய்து, ஸ்பேனரால் திருப்பலாம். பற்றவைக்கும் சூடே துருவைப் பாதி தளர்த்திவிடும். உள்ளேயே முறிந்திருந்தால் நடுப்புள்ளி குறித்து நேராகத் துளையிட வேண்டும். முறிந்த ஆணியை எடுக்கும் திருகு ஒன்று கடைகளில் விற்கிறது. அது மிகக் கடினமான எஃகு. அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண துளைக்கருவி அதைத் தீண்டாது. பொறுமையற்றவர் அதைத் தொடாதிருத்தல் நலம்.

துளை சிதைந்திருந்தால் டேப் போட்டு மரையைச் சீராக்கிப் புதிய ஸ்டட் பூட்டுவர். அதன் மரையில் சூடு தாங்கும் செம்புக் களிம்பைச் சிறிது தடவுவது உண்டு, அடுத்த முறை கழற்ற வருபவருக்காக.