கள்வனும் கண்டோரும்

வெனிஸ் நகரத்து இரவொன்றோடு அப்படம் தொடங்குகின்றது. நிலவையும் இசையையும் எதிர்பார்த்து அமர்ந்திருப்போர் கண்ணில் முதலிற் படுவது ஒரு குப்பைத் தொட்டி. ஒருவன் அதனைத் தூக்கிவந்து படகிற் கொட்டுகின்றான். காதலர் உலாவரும் படகு போன்றதே அதுவும். ஆயினும் அது சுமப்பது ஊர்க்குப்பை. அதனைச் செலுத்திச் செல்பவனோ உலகறிந்த இத்தாலியப் பாட்டொன்றை உரத்த குரலிற் பாடிச் செல்கின்றான். இனி வரப்போகும் கதையில் எதனையும் மேற்பூச்சைக் கண்டு நம்பவேண்டாம் என்று, ஒரு சொல்லும் விளக்கமாகக் கூறாமல், அவையோருக்கு உணர்த்திவிடுகின்றார் நெறியாளர்.

அந்நெறியாளர் ஏர்ண்ஸ்ட் லூபிட்ச். 1892ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்து, ஜேர்மனியிற் புகழீட்டி, 1922இல் அமெரிக்கா சென்று ஹொலிவூட்டில் நிலைகொண்டவர். படத்தின் பெயர் ‘ட்றபிள் இன் பரடைஸ்’. இன்பபுரியில் இடர் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். பரமௌண்ட் கொம்பனியார் 1932ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இதனை வெளியிட்டனர். ஹங்கேரிய நாடகாசிரியர் அலாடார் லாஸ்லோ எழுதிய நாடகமொன்றைத் தழுவியது கதை. சம்சன் ராபல்சன் என்பார் திரைக்கதையை அமைத்தார்.

கதாநாயகன் காஸ்ட்டன் மொனெஸ்கு ஓர் எத்தன். பிரபுவாகவும் வைத்தியனாகவும் செயலாளனாகவும் வேளைக்கொரு வேடம் புனைபவன். இத்தகையவன் ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தான். ருமேனிய நாட்டினனான ஜோர்ஜ் மனொலெஸ்கு, ஐரோப்பாவின் பெரிய ஹோட்டல்களிலே கனவானாகத் தங்கி நகைகளைக் களவாடியவன். தன் வரலாற்றை 1905இல் ஜேர்மன் மொழியில் நூலாகவும் வெளியிட்டவன். கள்வன் எழுதிய அந்நூல் தோமஸ் மானின் ‘பீலிக்ஸ் குறுல்’ என்னும் நாவலுக்கும் வித்திட்டதென்றால், எத்தர்பால் மக்களுக்குள்ள கவர்ச்சி சினிமாவினால் வந்ததன்று என்பது புலனாகும்.

வெனிஸ் ஹோட்டலில் இம்மொனெஸ்கு பிரபு வேடத்தில் ஒரு சீமாட்டியை விருந்துக்கு அழைக்கின்றான். அவளும் போலிச் சீமாட்டியே. லிலி என்னும் கைதேர்ந்த திருடி. உணவு மேசையில் உப்பை நீட்டும் அமைதியோடு ஒருவரையொருவர் கள்வரென்று குற்றஞ்சாட்டுகின்றனர். அவன் பணப்பை அவளிடமிருந்து வெளிப்படுகின்றது. அவள் மார்பூசி அவனிடமிருந்து வெளிப்படுகின்றது. அவள் அவனுடைய கடிகாரத்தை எடுத்துக் கொடுக்க, அவனோ அவள் காலுறைப் பட்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகச் சொல்கின்றான். அக்கணமே அவள் அவனைத் தழுவிக்கொள்கின்றாள். மறைவில் நிகழும் காதலுக்குப் பழந்தமிழ் இலக்கணம் வைத்த பெயரும் களவு என்பதே. லூபிட்ச் தமிழறிந்தவரல்லர், எனினும் அச்சொல்லின் இருபொருளும் ஒன்றாகிப்போன காட்சி இதுவேயெனலாம்.

பின்னர் கதை பாரிசுக்குச் செல்கின்றது. வாசனைத் திரவியக் கொம்பனியொன்றின் உரிமையாளரான இளம் விதவை மரியெட் கோலே, மூவாயிரம் பிராங்க் விலையுள்ள கைப்பையொன்றை விலை மிகுதியென்று ஒதுக்கிவிட்டு, 125,000 பிராங்க் விலையுள்ள வைரக் கைப்பையை வாங்குகின்றார். அதனைத் திருடிய மொனெஸ்கு, கண்டெடுத்தோருக்குரிய 20,000 பிராங்க் வெகுமதிக்காகத் தானே கொண்டுபோய்க் கொடுக்கின்றான்; கொடுத்த கையோடு அவருடைய செயலாளனாகவும் அமர்ந்துவிடுகின்றான். அவருடைய இரும்புப் பெட்டியில் அவனுக்குக் கண். நாள் செல்லச் செல்ல அவரிலும்.

இதனைப் பார்த்தோர் எக்காலத்தவர் என்பதை மறத்தலாகாது. அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வேலையிழந்திருந்த காலம் அது. படத்தை வெளியிட்ட பரமௌண்ட் கொம்பனியே 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முறிந்து நீதிமன்றப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேளையிலேதான், சம்பளத்தைக் குறைக்கவேண்டுமென்று பணிப்பாளர் சபை வற்புறுத்த, மதிய விருந்துக்கு நேரமாகின்றது, சம்பளம் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் முதலாளியம்மாளைத் திரையிற் கண்டு மக்கள் சிரித்தனர். ஒரு கைப்பைக்கு இவ்வளவு பணமா என்று அவருடைய வீட்டுக்கே வந்து சீறும் முரட்டுப் பொதுவுடைமைக்காரனைக் கண்டும் சிரித்தனர். அச்சிரிப்பில் எவ்வளவு பங்கு வேடிக்கை, எவ்வளவு பங்கு கசப்பு என்று பிரித்துச் சொல்லுதல் அரிது.

கதையின் முள் வேறோரிடத்தில் இருக்கின்றது. மொனெஸ்கு கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும்போது, பணிப்பாளர் சபைத் தலைவராகிய முதிய கனவான் பல ஆண்டுகளாகக் கொம்பனியிலிருந்து பெருந்தொகை கவர்ந்து வந்தமை தெரியவருகின்றது. மரியெட் அவரைப் பொலிசாரிடம் ஒப்படைக்கத் தயங்குகின்றார். குடும்ப நண்பர், மதிப்புள்ளவர். அடிமட்டத்திலிருந்து தன் முயற்சியால் முன்னேறிய கள்வனென்றால் பொலிசாரை அழைக்க ஒரு நொடியும் தயங்கமாட்டீர்கள் என்று மொனெஸ்கு மனம் நொந்து பேசுகின்றான். படம் முழுவதிலும் அவன் வேடிக்கையை விட்டு உண்மையாய்ச் சினங்கொள்ளும் இடம் அநேகமாக இது ஒன்றே. இதனைச் சொல்லிவிட்டு, மறுகணமே பழைய புன்சிரிப்புக்குத் திரும்பிவிடுகின்றது படம்.

பத்திரிகையாளர் அன்று இதனை மகிழ்ந்து வரவேற்றனர். ‘நியூயோர்க் ரைம்ஸ்’ விமர்சகர் மோர்டோண்ட் ஹோல் பாராட்டி எழுதினார். படங்களை ஆராய்ந்து மதிப்பிட்டுவந்த தேசிய மதிப்பீட்டுச் சபை 1932ஆம் ஆண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. மொனெஸ்குவாக நடித்த ஹேர்பேர்ட் மார்ஷல் முதலாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். படத்தில் அவன் மாடிப்படிகளில் விரைந்தோடும் காட்சிகளிலெல்லாம் வேறொருவரே ஓடினார். பார்த்தவர்கள் இதனை உணரவில்லை. மயக்கும் எத்தனொருவனின் கதைக்கு இதுவும் பொருத்தமே.

ஆயின் இப்படத்தைப் பற்றிய கருத்து வேறொரு திசையிலிருந்தும் திரண்டுகொண்டிருந்தது. 1930ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, ஹொலிவூட் படத்தயாரிப்பாளர் சங்கம் ஒரு நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது. சங்கத் தலைவர் வில் ஹேய்ஸ் பெயரால் வழங்கும் அக்கோவையைப் பெரும்பாலும் வரைந்தவர் டானியல் லோர்ட் என்னும் இயேசுசபைக் குரவர். எவ்வுடை ஆகாது, எச்சொல் ஆகாது என்று அது நீண்ட பட்டியலிட்டதை யாவரும் அறிவர். ஆனால் அதன் முதற் பொதுவிதி உடையையோ சொல்லையோ பற்றியதன்று. பார்ப்போரின் அனுதாபம் குற்றத்தின் பக்கமோ தீமையின் பக்கமோ சாயவிடலாகாது என்பதே அவ்விதியின் சாரம். திரையில் நிகழ்வதற்கன்றி, இருக்கையில் அமர்ந்திருப்பவரின் நெஞ்சில் நிகழ்வதற்கு விதி செய்ய முயன்றது அந்நெறிக்கோவை.

முதல் நான்காண்டுகளில் அது பெரும்பாலும் ஏட்டளவில் இருந்தது. இப்படம் வெளிவர முடிந்தமைக்கு அதுவே காரணம். எதிர்ப்பு வலுத்தது பின்னரே. அவ்வாறு எதிர்த்தோரை அறிவிலிகளென ஒதுக்குதல் நியாயமன்று. அவர்களும் பார்வையாளரே, பிள்ளைகளைப் பெற்றவர்கள். வாரந்தோறும் சினிமாவுக்குச் செல்லும் சிறுவர் அங்கே எதனைக் கற்று வருகின்றனர் என்று ஆராய்ந்த பேய்ன் நிதி ஆய்வுகளைச் சுருக்கி, ஹென்றி ஜேம்ஸ் போர்மன் 1933இல் எழுதிய நூல் பல இல்லங்களிற் கவலையை விளைத்தது. 1934இல் கத்தோலிக்க ஒழுக்கப் படை என்னும் இயக்கத்தின் உறுதிமொழியில் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். பிலடெல்பியாப் பேராயர் கர்தினால் டொஹேர்ட்டி, தம் மறைமாநிலத்துக் கத்தோலிக்கர் எவரும் எப்படமாளிகைக்கும் செல்லலாகாதென ஆணையிட்டார். பணமுடையில் தவித்த கொம்பனிகளுக்கு வெறிச்சோடிய இருக்கைகள் எந்த நீதிபோதனையிலும் உரத்துப் பேசின. 1934 ஜூலை முதல் யோசேப் பிறீன் என்பவரின் அலுவலக முத்திரையின்றி எப்படமும் வெளிவரலாகாதென்றும், மீறினால் 25,000 டொலர் தண்டமென்றும் விதியாயிற்று. பேச்சுரிமைக்கு அரசியலமைப்பு அளிக்கும் காப்பு சினிமாவுக்கு இல்லையென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்த்திருந்தமையால் முறையிடுதற்கும் இடமிருக்கவில்லை. அத்தீர்ப்பு மாறியது 1952இலேதான்.

1935இல் பரமௌண்ட் கொம்பனி இப்படத்தை மறுபடியும் வெளியிட இசைவு கோரியது. பிறீன் அலுவலகம் மறுத்துவிட்டது. அவ்வாண்டிலே அக்கொம்பனியின் தயாரிப்புத் தலைவராக வீற்றிருந்தவர் லூபிட்ச் தாமே என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வேறு சில பழைய படங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டப்பட்டு மறுவெளியீடு பெற்றன. இதற்கு அவ்வழியும் பயன்படாது. வெட்டுதற்குத் திரையிலே எதுவும் இல்லை. மூடிய கதவுகள், மஞ்சத்தின்மேல் விழும் இரு நிழல்கள், ஒரு மாலைப்பொழுது முழுவதும் கடிகார முகமொன்றும் அதன் பின்னே ஒலிக்கும் குரல்களுமாகக் கழியும் காட்சி. கதவுக்குப் பின்னே நடப்பதை முடிவு செய்பவர் பார்ப்பவரே. தணிக்கையாளர் கத்தரிக்கோலை எடுத்தால் அதனைப் பார்வையாளர் மனத்திலன்றோ வைக்கவேண்டும்! மேலும், முடிவில் மொனெஸ்குவும் லிலியும் தண்டனையின்றித் தப்பிச் செல்கின்றனர். வாடகைக் காரில் மறுபடியும் ஒருவருடைய கொள்ளையை மற்றவர் களவாடிச் சிரிக்கின்றனர். மனந்திரும்புதல் என்பது மருந்துக்கும் இல்லை.

புதிய விதியின் கீழ் எத்தர் கதை எவ்வாறு மாறவேண்டியிருந்தது என்பதை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1936இல் லூபிட்ச் தயாரிக்க, பிராங் போர்சேகி நெறிப்படுத்திய ‘டிசயர்’ படத்தில் மார்லின் டீட்ரிச் முத்துமாலை திருடும் பெண்ணாக வருகின்றார். முற்பகுதியில் அவர் செய்யும் ஏமாற்று வித்தை பழைய லூபிட்ச் பாணியிலேயே துள்ளுகின்றது. பிற்பகுதியிலோ அவர் நல்லவனொருவனைக் காதலித்து, மனந்திருந்தி, மாலையை உரியவரிடம் சேர்ப்பித்து, மணவாழ்க்கை புகுகின்றார். தீய படமன்று, ஆயினும் முற்பாதியிற் சிரித்தவர்களைப் பிற்பாதியில் திருத்தியனுப்பும் படம். 1932இன் எத்தனோ பார்த்தவரைத் திருத்த நினைத்ததில்லை. அவர்களைத் தன் கூட்டாளிகளாக்கிக்கொண்டான்.

1943இல் இக்கதையை இசைப்படமாக எடுக்க பரமௌண்ட் செய்த முயற்சியும் நிராகரிக்கப்பட்டது. 1947 ஜூலையில், தம்மைப்பற்றி எழுத முற்பட்ட ஹேர்மன் வைன்பேர்க் என்பவருக்கு விடுத்த மடலில், தூய நடையழகு என்று பார்த்தால் இப்படத்தை விஞ்சுவதையோ இதற்கு நிகரானதையோ தாம் செய்ததில்லை என லூபிட்ச் குறிப்பிட்டார். அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி அவர் இறந்தார். தம் படைப்புகளுள் முதன்மையானதென அவர் கருதியதைச் சரியோ பிழையோ என்று பார்த்துச் சொல்லப் பொதுமக்களுக்கு அன்று வழியில்லை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிரித்தவர்களின் நினைவே எஞ்சியிருந்தது.

1968இலேதான் படம் மீண்டும் வெளிப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, நெறிக்கோவை கைவிடப்பட்டு, பார்ப்போரின் வயதுக்கேற்பப் படங்களைத் தரம்பிரிக்கும் முறை வந்தது. 1991இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. 2003இல் இறுவட்டாக வெளிவந்து வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

இவ்வாறு மீண்டு வந்த படத்தை இன்று பார்ப்போரிடம் அக்கால அச்சம் இல்லை. கள்வன் தப்பிச் செல்வது எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை. அதற்குப் பின் எத்தனையோ கள்வர் திரையிலே தப்பிவிட்டனர். நின்று பார்க்கத்தக்க இடம் வேறொன்று. தன்னைக் கொள்ளையிட வந்தவனென்று தெரிந்தபின்னும், மரியெட் கோலே அவனைப் பொலிசாரிடம் கொடுக்கவில்லை. கதவருகே நின்று, நேர்ந்திருக்கக்கூடியதை இருவரும் எண்ணிப் பார்க்கின்றனர். லிலிக்குப் பரிசாகக் கொள்ள எண்ணித் தன்னுடைய முத்துமாலையை அவன் எடுத்துவிட்டான் என்பதை அறிந்து, கொம்பனியின் அன்பளிப்பாக அதனைக் கொண்டுபோகும்படி விடைகொடுத்து அனுப்புகின்றார் அவர். நடிகை கேய் பிரான்சிஸ் அவ்விடத்தில் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கள்வன்மேற் செல்லலாகாதென்று நெறிக்கோவை அஞ்சிய அனுதாபம், அப்போது களவு கொடுத்தவரிடமே சென்றுவிடுகின்றது. இதற்கு எவரும் விதி செய்திருக்கவில்லை.