வயோமிங்: 13 பேர் கொடுத்த வாக்குரிமை

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மக்கள்தொகை மிகக் குறைவானது மேற்குப் பகுதியில் உள்ள வயோமிங். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 5,76,851 பேர்தான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வரும் நம்மவர்கள் பலரும் அதன் வெந்நீர் ஊற்றுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாநிலத்துக்கு இருக்கும் பட்டப்பெயர் மட்டும் இயற்கை அழகைப் பற்றியது அல்ல. 'சமத்துவ மாநிலம்' என்பது அதன் பெயர்.

அந்தப் பெயருக்கு வித்து விழுந்தது 1869-இல். அப்போது வயோமிங் மாநிலத் தகுதி பெறாத ஒரு பிரதேசம். ரயில் பாதை போட வந்தவர்கள், சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், படைவீரர்கள், கடைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து 1870 கணக்கெடுப்பில் 9,118 பேர். வயது வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஆறு ஆண்கள். ஷையென் நகரில் கூடிய முதல் சட்டமன்றத்தில், 21 வயதான பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதா வந்தது. மேலவையில் 6-2, கீழவையில் 7-4. ஆக 13 பேர் ஆதரித்தார்கள், காரியம் முடிந்தது. குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவுக்கே இதைவிட அதிகம் பேர் வருவார்கள்! டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்ப்பெல் கையெழுத்திட்டார். நியூஜெர்சியில் சொத்துள்ள சில பெண்கள் 1807 வரை வாக்களித்தது உண்டு. ஆனால் ஆண்களுக்குச் சமமான, சொத்து நிபந்தனை இல்லாத வாக்குரிமையைப் பெண்களுக்குத் தந்த முதல் அமெரிக்கச் சட்டம் இதுதான். அதே கூட்டத்தொடரில், ஆசிரியர் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றும் சட்டம் செய்தார்கள்.

இவ்வளவு பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? மசோதாவைக் கொண்டுவந்த வில்லியம் பிரைட், சவுத் பாஸ் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் மதுக்கடை நடத்தியவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின ஆண்களுக்கு வாக்கு கிடைத்திருந்த நேரம் அது. அவர்களுக்கு உண்டு என்றால் என் மனைவிக்கும் தாய்க்கும் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. நியாயமாகத் தோன்றும் அந்தக் கேள்விக்குள் நிறவெறி ஒளிந்திருக்கிறது. குடும்பப் பெண்கள் குடியேறி வந்தால் பிரதேசம் வளரும் என்ற கணக்கு சிலருக்கு. சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சி, ஆளுநரோ குடியரசுக் கட்சி. அவர் மறுத்தால் பெயர் கெடட்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

நோக்கம் எதுவாக இருந்தாலும், கிடைத்ததைப் பெண்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1870 பிப்ரவரியில் எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ், அதே சவுத் பாஸ் சிட்டியில் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் அந்தப் பதவி வகித்த முதல் பெண் அவர். செப்டம்பர் 6 அன்று லாரமி நகரில் லூயிசா ஸ்வெய்ன் என்ற மூதாட்டி, ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கப் பாத்திரத்தோடு கிளம்பியவர், போகும் வழியில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து வாக்கைப் போட்டுவிட்டுப் போனார். (யூட்டா பிரதேசம் வயோமிங்குக்குப் பிறகே சட்டம் இயற்றியது. ஆனால் அங்கே தேர்தல் முன்னதாகவே வந்ததால், வாக்களித்ததில் யூட்டா பெண்கள்தான் முந்திக்கொண்டார்கள்.)

அந்த 1870 தேர்தலில், வாஷிங்டனுக்கு அனுப்பும் பிரதிநிதியாகக் குடியரசுக் கட்சிக்காரர் வென்றார். கொடுத்தவர்களுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்துசெய்ய மசோதா நிறைவேற்றினார்கள். ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். அவர் மறுப்பை மீறி மீண்டும் நிறைவேற்ற முயன்றபோது மேலவையில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அந்த ஒரு வாக்கில்தான் பெண்களின் உரிமை பிழைத்தது. யூட்டா பெண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றமே அவர்கள் வாக்குரிமையைப் பறித்தது.

வயோமிங் 1890 ஜூலை 10 அன்று 44-ஆவது மாநிலமானபோது, அதன் அரசியல் சட்டத்திலேயே பெண்களின் வாக்குரிமை எழுதப்பட்டிருந்தது. நாடு முழுவதும் அது வருவதற்கு மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 1925 ஜனவரி 5 அன்று நெல்லி டெய்லோ ராஸ், கணவர் இறந்ததால் காலியான ஆளுநர் பதவியை ஏற்று, நாட்டின் முதல் பெண் ஆளுநரானார். பட்டப்பெயரைப் பெருமையோடு சுமக்கும் அந்த மாநிலத்தில் அடுத்த நூறு ஆண்டுகளில் இன்னொரு பெண் ஆளுநர் வரவில்லை என்பதும் உண்மை.

பள்ளிப் புத்தகங்கள் இங்கே கதையை நிறுத்திவிடும். ஆனால் மாநிலமாவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1885 செப்டம்பர் 2 அன்று, ராக் ஸ்பிரிங்ஸ் என்ற நிலக்கரி ஊரில் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களின் குடியிருப்பைத் தாக்கினார்கள். சீனர்களைக் குறைந்த கூலிக்கு வேலைக்கு வைத்தது யூனியன் பசிபிக் ரயில்வே. கோபமோ கம்பெனி மேல் பாயாமல் சீனர்கள் மேல் பாய்ந்தது. குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. தப்பி ஓடியவர்களை ஒரு வாரத்தில் ராணுவப் பாதுகாப்போடு அதே ஊருக்கு அழைத்துவந்து, மறுபடி சுரங்கத்தில் இறக்கினார்கள். கைதானவர்கள் மீது ஜூரி குற்றச்சாட்டே பதிவு செய்யவில்லை. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்தச் சீனர்கள் குடிமக்களாகவே முடியாது என்பது அன்றைய சட்டம். வாக்கு இல்லாதவர்களுக்காக யார் வாய் திறப்பார்கள்?

அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷோஷோனி, அரபாஹோ மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை வந்ததே 1924-இல்தான்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியபோது, கோடி நகருக்கு அருகே ஹார்ட் மவுண்டன் என்ற இடத்தில் ஒரு முகாம் அமைத்தார்கள். உச்சத்தில் 10,767 பேர் முள்வேலிக்குள் இருந்தார்கள். வயோமிங்கின் மூன்றாவது பெரிய ஊரே அதுதான். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். 1943-இல் அவர்கள் வயோமிங்கில் வாக்களிக்கக் கூடாது என்று அம்மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது. 13 பேர் ஒரு காலத்தில் பெண்களுக்கு வாக்குக் கொடுத்த அதே மன்றம்தான். மறுஆண்டு, எங்கள் உரிமையைத் திருப்பித் தாருங்கள், பிறகு படைக்கு வருகிறோம் என்று சொன்ன 63 இளைஞர்களுக்கு ஷையென் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அவர்களை மன்னித்தார்.

அந்த முகாமில் இருந்த சிறுவர்களில் ஒருவர் நார்மன் மினேட்டா. கோடி நகரிலிருந்து சாரணர் குழுவோடு முகாமுக்கு வந்த ஆலன் சிம்ப்சன் என்ற சிறுவனோடு அவர் ஒரே கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டார். மழைநீர் புகாமலிருக்க இருவரும் சேர்ந்து கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்களாம். பின்னாளில் ஒருவர் கலிபோர்னியாவின் நாடாளுமன்ற உறுப்பினர், மற்றவர் வயோமிங்கின் செனட்டர். கட்சிகள் வேறு, நட்பு விடவில்லை. முகாம்களில் அடைக்கப்பட்டு உயிரோடு இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, தலைக்கு 20,000 டாலர் இழப்பீடு தந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மினேட்டா உழைத்தார், செனட்டில் சிம்ப்சன் ஆதரித்தார். முகாம் இருந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்கு இருவர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.